டீசல் பிக்கப்பில் ஃபீட் பம்ப் அழுத்தம் பார்த்த அனுபவம்

நேற்று மாலை அந்த நீண்ட ஏற்றத்தை ஐந்தாம் கியரிலேயே ஏறி முடித்தேன். முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்த டீசல் அழுத்த கேஜின் முள் 12 பி.எஸ்.ஐ.-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே இறங்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு இதே ஏற்றத்தில், பாதி வழியிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. நான்கு, மூன்று என்று கியரைக் குறைத்துக்கொண்டே போய், உச்சியைத் தொடும்போது பின்னால் ஏழெட்டு வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. இடைப்பட்ட நாட்களில் நான் செய்தவற்றில் பாதி சரி, பாதி வீண் வேலை. நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன், வீண் வேலைகளையும் விடாமல்.

வண்டி இருபது வயது தாண்டிய டீசல் பிக்கப். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் எஞ்சின். டேங்கிலிருந்து டீசலை இழுப்பது எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் பொருத்திய மின்சார ஃபீட் பம்ப். அது ஃபில்டர் வழியாக இன்ஜெக்‌ஷன் பம்புக்கு டீசலைத் தள்ளுகிறது. இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் டீசலை உயர் அழுத்தத்தில் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது; அது சுழல் வகையைச் சேர்ந்தது. மின்னணுப் பெட்டியைத் தலையிலேயே சுமந்துகொண்டிருக்கும். அதற்குள் போகும் டீசலில் பெரும்பகுதி எரிவதே இல்லை. பம்பைக் குளிரவைத்து, உள்ளே உரசும் பாகங்களுக்கு எண்ணெயாகவும் இருந்துவிட்டு, டேங்குக்கே திரும்பிவிடும். ஆகவே இந்த வகை வண்டியில் ஃபீட் பம்ப் சோர்ந்தால் இழுவை குறைவதோடு தொல்லை நிற்காது. கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து, ஒரு நாள் நடுவழியில் கையை விரித்துவிடும். அதன் விலையில் நல்ல நிலையில் உள்ள பழைய இருசக்கர வண்டி ஒன்றை வாங்கிவிடலாம்.

அறிகுறிகள் இரண்டு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் முதல் சில விநாடிகள் நன்றாக இழுக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதுபோல் தளரும். காலையில் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட மூன்று நான்கு விநாடிகள் கூடுதலாகச் சுற்றும். கறுப்புப் புகை இல்லை, கோளாறு விளக்கும் எரியவில்லை. கறுப்புப் புகை இல்லை என்பதே ஒரு துப்பு. காற்று போதாமல் திணறும் எஞ்சின் புகை கக்கும். டீசல் போதாமல் திணறுவது சத்தமில்லாமல் தளரும்.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜெக்‌ஷன் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்றேன். இத்தனை வருட அனுபவத்தில் அதெல்லாம் தேவையில்லை என்றார்கள். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் செலவு என்னுடையது. அளந்து பார்க்காமல் அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டில் எனக்குத் தேவைப்பட்டவை மூன்று எண்கள். எஞ்சின் ஓடும்போது ஃபீட் பம்ப் குறைந்தது 10 பி.எஸ்.ஐ. தர வேண்டும், பார் கணக்கில் 0.7. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 5 பி.எஸ்.ஐ.-ஐத் தாண்டக் கூடாது. ஃபீட் பம்பைத் தனியே ஓடவிட்டால் 30 விநாடியில் 1.3 லிட்டர் அளவுக்கு வர வேண்டும். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். காமன் ரெயில் வண்டிகளில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டேங்குக்குள்ளேயே பம்ப் இருந்தால் இதைவிடப் பல மடங்கு அழுத்தம் வரும். சில காமன் ரெயில் வண்டிகளில் உயர் அழுத்த பம்பே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அங்கே ஃபில்டர் பக்கம் அழுத்தமே இருக்காது, வெற்றிடம்தான் இருக்கும். அவற்றில் பிரஷர் கேஜை வைத்துக்கொண்டு முள் எழவில்லையே என்று தவிப்பதில் பொருளில்லை.

இன்னொன்று. நான் இங்கே சொல்வதெல்லாம் குறைந்த அழுத்தப் பக்கம் மட்டுமே. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் பக்கம் போகவே கூடாது. காமன் ரெயிலில் அங்கே 1000 பாருக்கு மேல் நிற்கும். ஊசிமுனை அளவு கசிவில் விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

முதல் தவறு கேஜிலேயே ஆரம்பித்தது. கருவிப் பெட்டியில் எண்ணெய் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று கிடந்தது. 0 முதல் 100 வரை. அழுத்தம் எங்கே பார்த்தாலும் அழுத்தம்தானே என்று அதையே மாட்ட நினைத்தேன். நான் பார்க்க வேண்டியது 5-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள விவகாரம். அந்த வட்டத்தில் அது ஒரு கட்டைவிரல் அகலம்கூட இல்லை. இத்தகைய கேஜ்களின் துல்லியம் முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் குறிக்கப்படும். 2.5 சதவீதம் என்றால் 100 பி.எஸ்.ஐ. கேஜில் இரண்டரை பி.எஸ்.ஐ. இப்படியோ அப்படியோ போகலாம். 9 நோயாளி, 12 ஆரோக்கியம் என்கிற இடத்தில் அந்தக் கேஜ் ஜோசியம்தான் சொல்லும். அதைத் திருப்பிப் பெட்டியில் போட்டுவிட்டு, 0 முதல் 30 வரை உள்ளதாக, கிளிசரின் நிரப்பியதாக, இரண்டரை அங்குல வட்டத்தில் ஒன்று வாங்கினேன். இதில் அதே சதவீதம் முக்கால் பி.எஸ்.ஐ.-தான்.

கூடவே ஒன்றரை மீட்டர் எரிபொருள் ஓஸ், ஒரு சிறிய ஊசி வால்வு, திரவ சீலன்ட், ஒரு கைப்பிடி காப்பர் வாஷர், நைட்ரைல் கையுறை. டெஃப்லான் டேப்பைத் தொடவில்லை. குழாய் வேலைக்கு அது நல்லதுதான். இங்கே அதன் ஒரு நூலிழை பிய்ந்து இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போனால் போதும், இல்லாத கோளாறை நாமே செய்துவைத்ததாகிவிடும். எல்லாம் சேர்ந்து ஒரு புதிய ஃபீட் பம்பின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஆனது.

எங்கே அளப்பது? ஃபில்டர் கூட்டில் அதற்கென்றே ஒரு சோதனை வாய் இருக்கிறது. ஆனால் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதுதான் என் கேள்வி. ஆகவே அதன் நுழைவாயிலில் இருக்கும் பான்ஜோ போல்ட்டை (டீசல் உள்ளே ஓடும்படி நடுவே துளையிட்ட இணைப்பு போல்ட்) தேர்ந்தெடுத்தேன். அந்த போல்ட்டின் தலையில் துளை போட்டு, 1/8 அங்குலக் குழாய் மரை வெட்டினால் கேஜ் ஓஸை நேராக மாட்டலாம்.

சொல்வதற்கு எளிது. போல்ட்டைக் கழற்றி, வைஸில் பிடித்து, கை டிரில்லில் 8.5 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி இறக்கினேன். தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் அடித்திருந்தும் பிட் ஓரமாக நடந்துவிட்டது. பாதி ஆழத்தில் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் தகடுபோல் மெலிந்திருந்தது. முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டில் வழித்துளை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அவசரம். அந்த போல்ட் குப்பைக்குப் போனது. மறுநாள் தலையில் மரை வெட்டிய போல்ட்டையே ரெடிமேடாக வாங்கி வந்தேன். டிரில் ஸ்டாண்டு இல்லாதவர்கள் நேராக இதற்கே வந்துவிடலாம். வீட்டில் வெட்டினால் பிசிரையும் சுத்தமாக ஊதி எடுக்க வேண்டும். ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் போல்ட் என்பதால் அங்கே விழும் இரும்புத் துகளைத் தடுக்க வேறு யாரும் இல்லை.

பொருத்தும்போது போல்ட்டின் இரு புறமும் புதிய காப்பர் வாஷர் போட்டேன். ஒருமுறை நசுங்கிய வாஷர் கெட்டியாகிவிடும். அடுத்த முறை சரியாக உட்காராது. புதியது கையில் இல்லையென்றால் பழையதைக் கம்பியில் கோத்து, அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். கையேட்டின்படி 24 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில்தான் முறுக்கினேன். நடுவே துளையுள்ள போல்ட் அது. கை பலத்தைக் காட்டினால் கழுத்தில் ஒடியும்.

ஊசி வால்வு எதற்கென்றால், இந்த வரிசையில் அழுத்தம் சீராக நிற்காது, துடித்துக்கொண்டே இருக்கும். கேஜை நேரடியாக மாட்டினால் முள் பார்வைக்கே தெரியாமல் அதிரும், கேஜும் சீக்கிரம் செத்துவிடும். வால்வைக் கொஞ்சம் மூடினால் துடிப்பு அடங்கும். இந்த ‘கொஞ்சம்’ என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன்.

ஓஸை பானட்டின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, வைப்பருக்குப் பக்கத்தில் முன்கண்ணாடிக்கு வெளியே கேஜை டேப் போட்டு ஒட்டினேன். டீசல் இருக்கும் ஓஸை கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. இணைப்பு நழுவினால் மடியில் டீசல் கொட்டும், ஓட்டுபவரின் கவனமும் அங்கே போய்விடும். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, முள்ளின் நடுக்கம் முற்றிலும் நிற்கும்வரை வால்வைத் திருகினேன். அசையாமல் 13-இல் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் நோட்டைக் கொடுத்து, ஏற்றத்துக்குப் போனேன்.

முழு மிதியில் பத்துப் பதினைந்து விநாடி ஓட்டம், பிறகு தளர்த்தல், மறுபடி ஓட்டம். வண்டி வழக்கம்போல் தளர்ந்தது. முள்ளோ 13-லிருந்து சோம்பலாக 11-க்கு வந்து நின்றது. ஃபீட் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் பட்டறைக்காரர்கள் சொன்னதே சரி என்று மனம் உடைந்து, திரும்பும் வழியில் இன்ஜெக்‌ஷன் பம்புக்கான பணத்தை எங்கே புரட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு, ஏதோ நினைவில் மறுபடி ஸ்டார்ட் செய்தேன். நோட்டை மூடிக்கொண்டிருந்த மகள், “அப்பா, எஞ்சின் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. முள் இப்போதுதான் எழுந்து வருகிறது, பாருங்கள்” என்றாள். அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து எண்ணிப் பார்த்தோம். முள் 13-ஐத் தொட ஒன்பது விநாடி ஆனது. ஏறுவதற்கு ஒன்பது விநாடி எடுத்துக்கொள்ளும் முள், இறங்குவதற்கும் அதேபோலச் சோம்பல்படும். பதினைந்து விநாடி ஓட்டத்தில் உண்மையான வீழ்ச்சியை அது எட்டிப் பிடிப்பதற்குள் நான் காலை எடுத்துவிட்டேன்.

காரணம் இரண்டு. வால்வை நூலிழை அளவுக்கு மூடியிருந்தேன். ஓஸிலிருந்த காற்றையும் வெளியேற்றவில்லை. ஒன்றரை மீட்டர் ஓஸில் அடைபட்ட காற்று ஒரு மெத்தைபோல் நடந்துகொண்டது. கேஜ் பக்க இணைப்பைத் தளர்த்தி, துணியைப் பிடித்துக்கொண்டு, குமிழி போய் டீசல் மட்டும் வரும்வரை விட்டு, மறுபடி முறுக்கினேன். வால்வை முக்கால் சுற்றுத் திறந்தேன். இப்போது முள் ஒரு கோட்டின் அகலத்துக்கு நடுங்கியது. ஸ்டார்ட் செய்ததும் துள்ளி எழுந்தது. முள் சற்று நடுங்கினால்தான் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

அடுத்த நாள் அதே ஏற்றம். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் என் வண்டியில் ஃபீட் பம்ப் மட்டும் 25 விநாடி ஓடும்; அப்போது 14. ஐடிலிங்கில் 13. நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு 2500 சுற்று வைத்தால் 11. சமதளத்தில் ஐந்தாம் கியரில் 9. ஏற்றத்தில் முழு மிதியில் ஐந்து விநாடியில் 6, பத்து விநாடியில் 4. அங்கிருந்து மேலே வண்டி தளர்ந்துவிட்டதால் நானே காலை எடுத்துவிட்டேன். நின்ற இடத்தில் பார்த்த எண்கள் எல்லாமே கையேட்டின் வரம்புக்குள் இருக்கின்றன. வண்டி நகராமல் சோதித்திருந்தால் குறை ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு. 4 என்ற எண்ணைப் பார்த்த மகிழ்ச்சியில், அது ஏன் 4 என்று கேட்கவில்லை. ஃபீட் பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதி, புதியது வாங்கிவிட்டேன். அளக்காமல் சொன்னார்கள் என்று பட்டறைக்காரர்களைக் குறைகூறியவன், பாதி அளந்துவிட்டு அதே காரியத்தைச் செய்தேன்.

பம்ப் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கீழே அகலத் தட்டு வைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, இரண்டு பான்ஜோ போல்ட், மூன்று நட். கை போகாத இடம் என்பதால் வசவுகள் தாராளமாக விழுந்தன. பிறகு ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி மூன்று முறை 25 விநாடி ஓடவிட்டு, ஃபில்டர் பக்கம் ஒரு இணைப்பைத் தளர்த்திக் காற்றை எடுத்தேன்.

ஐடிலிங்கில் 15 வந்தது. வெற்றி என்று கிளம்பினேன். ஏற்றத்தில் 6.

முன்பு 4, இப்போது 6. வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் இழுத்தது, பிறகு அதே தளர்ச்சி. உச்சியில் ஓரமாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி சிறிது நேரம் நின்றிருந்தேன். எவ்வளவு வலுவான பம்பாக இருந்தாலும் தனக்கு வந்து சேராததைத் தள்ள முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தள்ளும் பக்கத்தையே இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். உறிஞ்சும் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் ஃபில்டரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தேன். ஃபில்டர் கூட்டின் சோதனை வாயில் இரண்டாவது கேஜ் மாட்டினேன். ஏற்றத்தில் முன்னால் 7.5, பின்னால் 6.5. ஒரே ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம். ஃபில்டரில் குற்றமில்லை.

பிறகு ஃபீட் பம்பின் உறிஞ்சும் வாயில் ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டு வெற்றிட கேஜ் மாட்டினேன். இது அங்குல பாதரசக் கணக்கில் காட்டும்; எண் கூடினால் உறிஞ்சும் வழியில் தடை கூடுகிறது என்று பொருள். கூடவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் ஓஸையும் இடையில் சேர்த்தேன், குமிழி வருகிறதா என்று பார்க்க. ஐடிலிங்கில் 3. ஏற்றத்தில் 11. நல்ல வண்டியில் எவ்வளவு இருக்கும் என்று ஒப்பிட ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் கேன்.

சுத்தமான 20 லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, பின்பக்கத் தொட்டியில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, அதிலிருந்து ஓஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். டேங்க், டேங்கிலிருந்து வரும் குழாய், இடையிலுள்ள ஓஸ்கள் எல்லாம் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டன. மூடியில் காற்றுத் துளை அவசியம். இல்லாவிட்டால் கேன் உறிஞ்சி நசுங்கும். கேன் உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் அழுத்தம் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் டீசல் ஏறத்தாழ 1.2 பி.எஸ்.ஐ.-க்குச் சமம். என் கேன் டேங்கைவிட அரை மீட்டர் மேலே இருந்தது. 0.6-ஐக் கழித்துக்கொண்டால் போதும்.

ஏற்றத்தில் 13. கழித்தால் 12-க்கு மேல். வெற்றிட கேஜ் 1-ஐத் தாண்டவில்லை. வண்டி பழையபடி சீறிக்கொண்டு ஏறியது.

ஆனால் உச்சியில் இறங்கிப் பார்த்தால் கேனில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 20 லிட்டருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி பன்னிரண்டு கிலோமீட்டரில் எப்படி இவ்வளவு குடித்தது? குடிக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் திருப்பி அனுப்பும் டீசல் கேனுக்கு வராமல் டேங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் கேன் காலியாகிக் காற்றை உறிஞ்சியிருக்கும். திரும்பும் வழி இறக்கம் என்பதால் பிழைத்தேன். இந்தச் சோதனை செய்பவர்கள் திரும்பும் குழாயையும் கேனுக்கே விட வேண்டும், அல்லது மிகக் குறைந்த தூரமே ஓட்ட வேண்டும். டேங்கையும் தளும்பத் தளும்ப வைத்துக்கொண்டு ஆரம்பிக்கக் கூடாது.

கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் என்பது உறுதியாகிவிட்டது. இரும்புக் குழாயின் ஒரு முனையில் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போனது. மிச்சம் டேங்க் பக்கம். கால் டேங்க் ஆகும்வரை ஓட்டிவிட்டு, ஜாக்கின் மேல் பலகை வைத்து டேங்கைத் தாங்கி, பட்டைகளைத் தளர்த்தி ஒரு முழம் இறக்கினேன். பாதி டேங்கில்கூட ஐம்பது கிலோவுக்கு மேல் டீசல் இருக்கும். அந்தக் கனத்தோடு இறக்க முயல வேண்டாம்.

டேங்கின் தலையில், உறிஞ்சு குழாயையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் ரப்பர் ஓஸ் ஒன்று இருந்தது. நடுவிரல் நீளம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அமுக்கினால் சற்று விறைப்பாக இருந்தது, அவ்வளவே. கழற்றி, துடைத்து, வாய் வைத்து ஊதினேன். ஒரு பக்கமிருந்து ஊதினால் காற்று தடையின்றிப் போனது. திருப்பிப் பிடித்து ஊதினால் கன்னம்தான் உப்பியது.

பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள்சுவரின் ரப்பர் தோல், பாம்புச் சட்டைபோல், ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு மிச்சமெல்லாம் பிரிந்து தொங்கியது. மெதுவாக இழுக்கும்போது அது சுவரோடு படுத்துக்கிடக்கும்; வேகமாக இழுத்தால் எழுந்து நின்று வழியை அடைத்துக்கொள்ளும். ஐடிலிங்கில் நல்ல பிள்ளையாக இருந்ததும், மிதித்த சில விநாடிகளுக்குப் பிறகு கழுத்தைப் பிடித்ததும் இதனால்தான். கிளிப் இறுக்கியிருந்த முனை கெட்டித்துப்போய், பள்ளம் விழுந்திருந்தது. இரவில் அந்த வழியே காற்று புகுந்து குழாயிலுள்ள டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் கூடுதலாகச் சுற்றியதற்கு விடை அது. தெரியும் ஓஸில் காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குமிழிகள் ஓடியதையும் அதோடு பொருத்திப் பார்த்துக்கொண்டேன்.

புதிய எரிபொருள் ஓஸ், பற்கள் இல்லாத வழவழப்பான பட்டைக் கிளிப்புகள். பல் வெட்டிய திருகு கிளிப்புகள் மென்மையான ஓஸின் தோலைக் கடித்துவிடுகின்றன. டேங்க் இறங்கியிருக்கும்போதே உள்ளே வடிகட்டியையும் பார்த்தேன். கொஞ்சம் பழுப்புக் கொழகொழப்பு ஒட்டியிருந்தது, கழுவிவிட்டேன். இந்த ஓஸின் விலை, அதே நாளில் நான் வாங்கிய கையுறைப் பெட்டியைவிடக் குறைவு.

மாட்டி முடித்து எடுத்த அளவுகள்: ஐடிலிங்கில் 15, 2500 சுற்றில் 14, ஏற்றத்தில் 12. உறிஞ்சும் பக்கம் ஏற்றத்தில் 2 அங்குலம்.

அப்படியானால் புதிய ஃபீட் பம்பை வீணாகத்தான் வாங்கினேனா? இந்தக் கேள்வி இரவெல்லாம் அரித்தது. மறுநாள் ஒரு மணி நேரம் செலவழித்துப் பழைய பம்பையே மறுபடி மாட்டி, புது ஓஸோடு ஏற்றத்துக்குப் போனேன். 9. வண்டி குறை சொல்லாமல் ஏறியது, ஆனால் கையேட்டின் 10-க்குக் கீழேதான். வருடக்கணக்கில் அடைபட்ட ஓஸை எதிர்த்து இழுத்ததில் அதுவும் கிழடாகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆக, தவறான காரணத்துக்காக வாங்கிய பம்ப் சரியான காரணத்துக்கும் பயன்பட்டது. மூன்றாம் முறையாக அதே நட்டுகளைக் கழற்றி, புதியதை மாட்டினேன். விரல் கணுக்களில் காயம் இன்னும் ஆறவில்லை.

மறுபடி செய்வதென்றால் வரிசையை மாற்றுவேன். கேஜோடு ஏற்றத்தில் ஓட்டி, எண் குறைகிறது என்று தெரிந்ததும் பம்ப் கடைக்குப் போகாமல் கேனை எடுப்பேன். கேனில் எண் சரியாகிவிட்டால் டேங்க் பக்கம். கேனிலும் குறைவாகவே இருந்தால் பம்ப் பக்கம். ஒரு மணி நேரத்தில் முடியும் விஷயம். நோட்டில் எழுதுவதற்குப் பதிலாக முள்ளை போனில் படம் பிடிக்கலாம்; விநாடி வாரியாகத் திருப்பிப் பார்க்க வசதி. கேஜையும் நிரந்தரமாக்கப் போகிறேன். பான்ஜோ போல்ட்டில் மின்சார சென்சார், அதன் கம்பி மட்டும் கேபினுக்குள், டாஷ்போர்டில் ஒரு சிறு வட்டம். கூடவே 8-க்குக் கீழே போனால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றும். ஓஸும் ஊசி வால்வும் இரவல் கேட்பவர்களுக்காகத் தனிப் பையில் கிடக்கின்றன.

பழைய பம்பைத் துடைத்து, இரண்டு வாயையும் மூடி, ‘ஏற்றத்தில் 9’ என்று தாளில் எழுதி ஒட்டி, பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.